குழந்தைகளுக்கு வயிற்றுக் கிருமி: உங்கள் வீட்டில் எப்படிப் பரவியது?

நிலாமுற்றம்:
பெரியவனுக்கு ஹெச். பைலோரி என்கிற வயிற்றுக் கிருமி. எண்டோஸ்கோபி, மருந்து எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வரவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட வயிற்றெரிச்சல் உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் மாமியாரைத் திரும்பிப் பார்த்தோம். சூடு பார்க்க ஒரு வாய் தான் சாப்பிட்டுவிட்டு, அதே ஸ்பூனில் பேரனுக்கு ஊட்டுவார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அவனுக்கு ஊட்டுவதே இல்லை.

பழைய சைக்கிள்:
பாவம், அவரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயேதான் ஒட்டிக்கொள்கிறது. அம்மாவிடமிருந்தும் வரலாம், கூடப் பிறந்தவர்களிடமிருந்தும் வரலாம். நிறையப் பேருக்கு அறிகுறியே இருக்காது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் டெஸ்ட் எடுத்தீர்களா? எங்கள் வீட்டில் சின்னவள் வாந்தி எடுக்கும்போது அண்ணன்காரன்தான் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பாசம் என்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தியில் இந்தக் கிருமி உயிரோடு வரும் என்று பிறகுதான் தெரிந்தது. இருவருக்கும் பாசிட்டிவ். யாரிடமிருந்து யாருக்கு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மாடித்தோட்டம்:
எங்களுக்கு ஷிகெல்லா, அது குடலைத் தாக்கும் வேறொரு கிருமி. டே கேரில் ஒரு குழந்தைக்கு ஆரம்பித்து, வரிசையாக எல்லாருக்கும் ரத்தபேதி. நான் போய் நின்றபோது ஆயா டயப்பர் மாற்றிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நேராகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காய்ச்சல் நின்றதுமே சில பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

இரவுப்பறவை:
தயவுசெய்து இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஷிகெல்லா வெறும் 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும், பேதி பிடித்துவிடும். ஹெச். பைலோரி சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வயிற்றிலேயே குடியிருக்கும். என் மகளுக்கும் ஷிகெல்லா வந்தது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது.

டெஸ்ட் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஹெச். பைலோரிக்கு ரத்த டெஸ்ட் எடுத்து ஏமாறாதீர்கள். பழைய தொற்றா, இப்போது இருப்பதா என்று அது பிரித்துக் காட்டாது. மூச்சு டெஸ்ட் அல்லது மலத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் மல ஆன்டிஜென் டெஸ்ட் கேளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோல் மாதிரியான அமில மாத்திரையையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம். அறிகுறி இல்லாத பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து டெஸ்ட் எடுக்கவும் வேண்டாம்.

மாடித்தோட்டம், காய்ச்சல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பேதி நின்ற பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். ஆனால் அதற்காக வாரக்கணக்கில் குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்க முடியுமா? வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? டயப்பர் மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் குழாயும் சோப்பும் இருக்கிறதா என்று டே கேரில் கேளுங்கள். பெற்றோரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?