2004 சிஆர்-வி நாலு வீல் டிரைவ்: ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சா பின்னாடி உறுமல். ஆயிலா, டிஃபரென்ஷியலே போச்சா?

முத்தியால்பேட்டை_04:

வணக்கம். வண்டி 2004 ஹோண்டா சிஆர்-வி, 2.0 பெட்ரோல், மேனுவல், நாலு வீல் டிரைவ். புதுச்சேரி ரிஜிஸ்டர், 1,30,000 கி.மீ. ஓடியிருக்கு.

வண்டி நல்லா சூடான பிறகு ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சு யு-டர்ன் எடுத்தா, பின் சீட்டுக்கு அடியில "உர்ர்ர்"னு ஒரு உறுமல். கூடவே தரையில லேசா அதிர்வு. காலையில முதல் ஸ்டார்ட்ல வராது. நேரா போகும்போது சத்தமே இல்ல. முன் வீல் பக்கம் டக் டக் கிடையாது. பவர் ஸ்டியரிங் ஆயில் மட்டம் சரியா இருக்கு.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலப்போ தெருவுல நின்ன தண்ணி வீல் ஹப் வரைக்கும் ஏறிச்சு. ஸ்டார்ட் பண்ணல. அப்புறம் எல்லா ஆயிலும் மாத்தினாங்க. பில்லில் பின் டிஃபரென்ஷியலுக்கு (பின் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற கியர் பெட்டி) "90 ஆயில் 1 லிட்டர்"னு இருக்கு. சத்தம் அதுக்கு அப்புறம்தான், கொஞ்சம் கொஞ்சமா. பின்னாடி ரெண்டு டயரும் புதுசு, முன்னாடி ரெண்டிலும் 3 மி.மீ. பட்டன் (தேயாம மிச்சம் இருக்கிற ரப்பர் உயரம்) இருக்கு. அளவு 205/70 ஆர்15.

ஆயில் மாத்தினா போதுமா? பின் டிஃபரென்ஷியலுக்கு முன்னாலேருந்து சுழற்சியைக் கொண்டுபோற புரொப்பெல்லர் ஷாஃப்டையே கழட்டிட்டு முன் வீல் டிரைவா ஓட்டினா மைலேஜ் கூடும்னு ஒருத்தர் சொல்றார், சரியா? ஒன்றரை இஞ்ச் தூக்கணும்னும் ஒரு ஆசை இருக்கு.

---

கடலூர்_ஓடி_பிட்:

சார், அந்தப் பில்லில் இருக்கிற "90 ஆயில்"தான் விஷயம். ஜிப்ஸிக்கும் பொலேரோவுக்கும் ஊத்துற பழக்கத்துல இதுக்கும் ஊத்திடுறாங்க. இந்த வண்டியோட பின் டிஃபரென்ஷியல் வெறும் கிரவுன்-பினியன் பெட்டி இல்ல. அதுக்கு முன்னாலயே ரெண்டு ஹைட்ராலிக் பம்பும், ஆயில்ல ஊறிக் கிடக்கிற ஒரு மல்டி-பிளேட் கிளட்சும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கு.

முன் பம்பைச் சுத்துறது புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது முன் சக்கரத்தோட வேகம். பின் பம்பைச் சுத்துறது பின் சக்கரம். ரெண்டும் ஒரே வேகத்துல போனா முன் பம்ப் தள்ளுற ஆயிலைப் பின் பம்ப் அப்படியே இழுத்துக்கும், பிரஷர் ஏறாது. முன் சக்கரம் வழுக்கிச் சுத்தினா முன் பம்ப் தள்ளுறது மிஞ்சும். மிஞ்சின ஆயில் பிஸ்டனை அமுக்கும், பிஸ்டன் கிளட்ச் பிளேட்டை அமுக்கும், பின் சக்கரத்துக்கு இழுவை போகும். கம்ப்யூட்டர் இல்ல, நாம போடுற சுவிட்ச் இல்ல, டாஷ்போர்டுல லைட்டும் இல்ல. ஆயில்தான் மூளை, ஆயில்தான் கை.

அதனால 90 ஊத்தினா ரெண்டு கெடுதல். தடிமன் அதிகம்கிறதால சின்ன வேக வித்தியாசத்துக்கே பிரஷர் கட்டிக்கும். ரெண்டாவது, ஜிஎல்-5 கியர் ஆயில்ல இருக்கிற சேர்மானம் பல் சக்கரத்துக்காகச் செஞ்சது, கிளட்ச் பிளேட்டுக்காக இல்ல. பிளேட் வழவழன்னு நழுவ வேண்டிய இடத்துல ஒட்டி விட்டு, ஒட்டி விட்டுப் போகும். அதுதான் உங்களுக்குக் கேக்குற உறுமல்.

வேண்டியது ஹோண்டாவோட டூயல் பம்ப் ஃப்ளூயிட். டப்பாவுல டிபிஎஃப்-2ன்னோ டிபிஎஸ்எஃப்-ன்னோ இருக்கும். விடிஎம்-4ன்னு ஒண்ணு இருக்கு, அது வேற வண்டிக்கு, வாங்கிடாதீங்க. ஒரு தடவைக்கு 1.0 லிட்டர் பிடிக்கும். சில டப்பா 946 மி.லி.தான், பார்த்து வாங்குங்க. உங்க வண்டியில 90 இருந்ததால ஒரு தடவை மாத்தினா பத்தாது. மூணு லிட்டர் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

பிட் (வண்டிக்கு அடியில இறங்கி வேலை பார்க்கிற பள்ளம்) இருக்கிற ஒர்க்‌ஷாப்பா பாருங்க. பின்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினா வண்டி சாய்ஞ்சு மட்டம் தப்பாக் காட்டும். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பானதும் நிறுத்திட்டு, முதல்ல மேல இருக்கிற ஃபில்லர் பிளக்கைக் கழட்டுங்க. கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடிச்சுட்டு, அப்புறம் மேல் பிளக் வரலைன்னா வண்டி பிட்டிலேயே படுத்துக்கும். ரெண்டு பிளக்கிலும் சதுரக் குழிதான். 3/8 ராட்செட்டோட சதுர முனை நேரா அதுல உக்காரும், சாக்கெட் வேண்டாம். குழிக்குள்ள மண்ணும் துருவும் அடைச்சிருக்கும். அதை ஊசி வச்சு முழுசாச் சுரண்டி எடுக்காம ராட்செட்டை வச்சா முனை பாதிதான் இறங்கும், திருகினா மூலை மழுங்கிடும். இறுகியிருந்தா முந்தின நாள் ராத்திரியே ரஸ்ட் ரிமூவர் அடிச்சு வைங்க.

வடிஞ்சு முடிஞ்சதும் புது வாஷர் போட்டுக் கீழ் பிளக்கை 47 நியூட்டன் மீட்டர்ல இறுக்குங்க. மேல் ஓட்டை வழியா ஹேண்ட் பம்ப்ல ஏத்தி, ஓட்டை விளிம்புல வழியும்போது நிறுத்துங்க. மேல் பிளக்குக்கும் ஒரு புது வாஷர், அதே இறுக்கம்.

அப்புறம் ஒரு காலி மைதானத்துல முதல் கியர்ல, ஆக்சிலரேட்டர் தொடாம, ஃபுல் லாக்ல (ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சு) இடப்பக்கம் பத்து வட்டம், வலப்பக்கம் பத்து வட்டம். பிளேட்டுக்கு நடுவுல தங்கியிருக்கிற பழைய ஆயிலை வெளியே கொண்டுவர வேற வழி இல்ல. அதை வடிச்சுட்டு ரெண்டாவது லிட்டர். 300, 400 கி.மீ. ஓட்டிட்டு அதையும் வடிச்சு மூணாவது. பாதிப் பேர் முதல் லிட்டரோட நிறுத்திட்டு "சத்தம் குறைஞ்சது, போகல"ம்பாங்க.

அடுத்து முக்கியமான ஒண்ணு. ஒரு ஆக்சிலை மட்டும் தூக்கி வச்சு கியர் போட்டு சக்கரத்தைச் சுத்த விடாதீங்க. முன் சக்கரம் காத்துல சுத்தினா கிளட்ச் பிடிச்சு, தரையில இருக்கிற பின் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிடும்.

---

சக்கரக்கணக்கு:

மேலே சொன்னது சரி. டயர் விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் பயமும் அலட்சியமும் இரண்டுமே தேவைக்கு மேல் இருக்கின்றன.

இந்த அமைப்பில் பின் பம்ப் முன் பம்பைவிட 2.5 சதவீதம் பெரியது. முன் டயர் தேய்ந்து விட்டம் குறைந்தால் முன் சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும். அதற்காக விட்ட இடைவெளி இது. உங்கள் டயருக்குப் போட்டுப் பார்ப்போம். 15 இஞ்ச் என்பது 381 மி.மீ.; பக்கச்சுவர் 143.5 மி.மீ., இரு மடங்கு 287. மொத்த விட்டம் 668 மி.மீ. புது டயரில் 8 மி.மீ. பட்டன், உங்கள் முன் டயரில் 3. விட்டம் 10 மி.மீ. குறைவு, அதாவது 1.5 சதவீதம். எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் இருந்த இடைவெளியில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இதோடு முன் டயரில் காற்றும் குறைந்தால் நேர்ச்சாலையிலேயே கிளட்ச் லேசாக உரசத் தொடங்கலாம். அந்தச் சூடு ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும்.

பலர் கவனிக்காத பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பின்னால் வந்த அதே தலைமுறை சிஆர்-வியில் 215/65 ஆர்16 டயர். விட்டம் ஏறத்தாழ 686 மி.மீ. இரண்டும் கம்பெனி அளவுதானே என்று பின்னால் 16, முன்னால் 15 அலாய் போட்டால் வித்தியாசம் 2.7 சதவீதம், எல்லையைத் தாண்டிவிட்டது. ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள், பழைய வண்டிகளில் அது எந்த வண்டியிலிருந்து வந்ததென்றே தெரியாது.

ஃபுல் லாக் யு-டர்னில் கதை வேறு. வீல்பேஸ் 2.62 மீட்டர், திரும்பும் ஆரம் 5.2 மீட்டர் அளவில் என்று கொண்டு கணக்கிட்டால், முன் ஆக்சில் போகும் வட்டம் பின் ஆக்சிலின் வட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் பெரியது. 2.5 எங்கே, 20 எங்கே! நல்ல ஆயில் இருக்கும்போதும் அந்த இடத்தில் பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவிக்கொண்டுதான் இருக்கும். வேகம் குறைவு, பிரஷரும் குறைவு, அதனால் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே உங்கள் உறுமலுக்குக் காரணம் டயர் இல்லை, ஆயில். அடுத்த ஆயில் எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் டயர் முடிவு செய்யும்.

ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்காமல் இருக்கப் புது டயர் பின்னால் இருப்பதே பாதுகாப்பு, அதை மாற்றாதீர்கள். முன்னுக்கும் இரண்டு புது டயர் வாங்கிவிட்டு, இனி 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்-பின் மாற்றிப் போடுங்கள். இவ்வகை வண்டிக்கு டயரை நான்காக வாங்குவதே கணக்குக்கு ஒத்துவரும்.

---

உப்புக்காத்து:

ஷாஃப்டைக் கழட்டுற யோசனைக்கு என் ஓட்டு இல்ல அண்ணே. பின் டிஃபரென்ஷியலும் ரெண்டு ஆக்சிலும் பின் பம்பும் அப்பவும் சக்கரத்தோட சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். மிச்சமாகறது ஷாஃப்டோட எடை மட்டும், பெட்ரோல்ல அது தெரியாது. மழைநாள்ல கிடைக்கிற ஒரே லாபத்தைக் கழட்டி மூலையில போட்டு என்ன செய்ய?

ஆனா சோதனைக்குக் கழட்டலாம். மூணு லிட்டர் மாத்தியும் சத்தம் இருந்தா, முன் பின் ஃபிளாஞ்சுல பெயின்ட்டால குறி போட்டு, நடு பேரிங் பிராக்கெட்டோட முழு ஷாஃப்டையும் இறக்குங்க. ஒரு பக்கம் மட்டும் கழட்டித் தொங்க விடக் கூடாது. அதே யு-டர்னை எடுங்க. சத்தம் போயிருந்தா கிளட்ச் பிளேட் மெருகேறிப் போச்சுன்னு அர்த்தம். அப்படியே இருந்தா வீல் பேரிங்கைப் பாருங்க. ஷாஃப்ட் வெளியே இருக்கும்போதே யுனிவர்சல் ஜாயின்ட்டை மடக்கிப் பாருங்க, எங்கயும் படி படியாத் தட்டக் கூடாது. நடு பேரிங் ரப்பர் கிழிஞ்சிருந்தா கிளட்ச் விடும்போது "டொக்"னு ஒரு அடி கேக்கும்.

புதுச்சேரி, கடலூர் வண்டிக்கு ஆயிலைவிடப் பெரிய எதிரி உப்பு. டிஃபரென்ஷியல் மேல இருக்கிற பிரீதரை (காத்து போய் வர்ற சின்னத் துளை) யாரும் பார்க்கிறதில்ல. அது மண்ணால அடைச்சுக்கிட்டா உள் பிரஷர் ஆயில் சீல் வழியா வெளியே வரும். அடைக்காட்டியும் வேற ஆபத்து இருக்கு: ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணியில மூழ்கினா உள்ளே காத்து சுருங்கி, பிரீதர் வழியாத் தண்ணியை உறிஞ்சும். ஹப் வரைக்கும் தண்ணி ஏறின வண்டிக்குப் பின் டிஃபரென்ஷியல் ஆயிலை அந்த வாரமே மாத்தணும்.

வாட்டர் வாஷ் கடையில அடியில டீசல் அடிப்பாங்க, வேண்டாம்னு சொல்லுங்க. துருவுக்கு நல்லதுன்னு நினைச்சு ஆக்சில் பூட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாத்தையும் ஊதிப் போக வைக்கிற வேலை அது. நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவி, காயவிட்டு, மெழுகு வகை கோட்டிங் அடிங்க. பிரேக் பைப் கிளிப்புக்கு அடியில, பெட்ரோல் ஊத்துற குழாய் வீல் ஆர்ச்சுக்குள்ள போற இடத்துல, பின் சஸ்பென்ஷன் போல்ட் புஷ்ஷோட சேர்ற இடத்துல, இந்த மூணுலயும்தான் துரு முதல்ல பிடிக்கும். அந்த போல்ட் துருவேறிச் சிக்கிக்கிட்டா அலைன்மென்ட்டே செய்ய முடியாது, வெட்டித்தான் எடுக்கணும்.

தூக்குறதுன்னா ஸ்ட்ரட் மேல 25, 30 மி.மீ. ஸ்பேசரோட நிறுத்திக்குங்க. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறாது, ஏன்னா இஞ்சினும் டிஃபரென்ஷியலும் பாடியோடதான் ஏறுது. மாறுறது நாலு ஆக்சிலோட கோணம். அதுக்கு மேல போனா சிவி ஜாயின்ட் (ஆக்சில் முனையில மடங்குற மூட்டு) மேல இருக்கிற ரப்பர் பூட் மடிப்புல உரசிக் கிழியும். தூக்கினதும் அலைன்மென்ட் கட்டாயம். கடற்கரை மணல்ல இறக்கத்தான் தூக்குறீங்கன்னா வேண்டாம். முன் சக்கரம் புதைஞ்சு சுத்தினாத்தான் பின்னாடி வேலையே ஆரம்பிக்கும். ஆயில் கொதிச்சா தெர்மல் சுவிட்ச் பிரஷரை விட்டுடும், அப்புறம் வெறும் முன் வீல் வண்டிதான். ஆமை முட்டை போடுற மாசத்துல கரையில வண்டி ஓட்டுறது வேற பாவம்.

---

முத்தியால்பேட்டை_04:

முதல் லிட்டர் மாத்தியாச்சு. வடிஞ்சது கறுப்பு, கருகின வாடை. தண்ணி கலந்த பால் நிறம் இல்ல. வடி பிளக் நுனியில சாம்பல் நிறத்துல பசை மாதிரி ஒட்டியிருந்தது, துகள் எதுவும் கையில தட்டுப்படல. வட்டம் அடிச்சதுல சத்தம் பாதியாச்சு. மீதி ரெண்டு லிட்டரையும் ஊத்தலாமா, இல்ல கிளட்ச் பிளேட் விலை விசாரிக்கட்டுமா?

---

கடலூர்_ஓடி_பிட்:

ஊத்துங்க சார். சாம்பல் பசை சாதாரணத் தேய்மானம், விரல்ல தேய்ச்சா நெருநெருன்னு இல்லாத வரைக்கும் கவலை இல்ல. பளபளன்னு செதில் வந்திருந்தா பேரிங், கிரவுன் பல் பக்கம் போகணும். கருகின வாடை கிளட்ச் சூடானதைக் காட்டுது, ஆனா ஒரே லிட்டர்ல சத்தம் பாதியாச்சுன்னா பிளேட்ல இன்னும் உயிர் இருக்கு.

மூணாவது லிட்டருக்கு அப்புறம் 40,000 கி.மீ. அல்லது ரெண்டு வருஷம், எது முன்னாடி வருதோ அப்ப மாத்துங்க. பில்லில் ஆயில் பேரை முழுசா எழுதி வாங்குங்க, டிஃபரென்ஷியல் மேலயும் பெயின்ட்டால "டிபிஎஃப்"னு எழுதி வச்சுடுங்க, அடுத்த ஆள் 90 டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி கண்ணுல படும். எங்கயாவது நின்னுபோனா நாலு சக்கரமும் மேல ஏறுற பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்க. முன்னாடி தூக்கிப் பின்னாடி உருட்டிக்கிட்டு திண்டிவனத்துலேருந்து வந்தாலே புது ஆயில் கருகிடும்.