ஸ்கேன் அறையில் துணை வந்த கவசம்

கழுத்து வலி கை வரைக்கும் இறங்கி விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்ததும் டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வலியைவிட அந்தச் சீட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மூடிய இடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஐந்தாவது மாடியானாலும் படியேறித்தான் போவேன்.

முதல் தடவை ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் பாதி போவதற்குள், வெளியே வர வேண்டுமானால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உடனே வெளியே எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்தும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

என் மாமியாருக்குத் திருச்செந்தூர் பக்கம். ஐப்பசி வந்தால் ஆறு நாளும் சஷ்டி விரதம் இருந்து, கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். "ஏட்டி, கவசத்தைச் சொல்லிக்கிட்டே படுத்துரு. அவன் பாத்துக்கிடுவான்" என்றார். தேவராய சுவாமிகளே தீராத வயிற்று வலியோடு செந்தூருக்கு வந்தபோதுதான் கந்த சஷ்டி கவசத்தைப் பாடினார் என்று சொல்வார்கள். வலியில் பிறந்த பாட்டு என்பதாலோ என்னவோ, அன்றைக்கு எனக்கு அது ரொம்ப நெருக்கமாகப் பட்டது.

மறுபடி போனபோது, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, காந்தம் இழுத்துவிடும் என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். வளையல், தோடு, அப்புறம் கழுத்திலிருந்த வேல் டாலர். அதைப் பிடித்துக்கொண்டே படுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கைக்குட்டையில் முடிந்து மாமியாரிடம் கொடுக்கும்போது கை நடுங்கியது. நெற்றியில் திருநீறு மட்டும் மிச்சம். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பாய் வீட்டு அம்மா அதைக் கவனித்துவிட்டு, "பயப்படாதம்மா, நானும் குர்ஆன்ல வர்ற ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுத்தான் உள்ளே போகப் போறேன்" என்று என் தோளில் கை வைத்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் நல்லா இருக்கணும்.

உள்ளே கழுத்துக்கும் முகத்துக்கும் மேல் ஒரு கூண்டை மாட்டினார்கள். மேசை நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு "சஷ்டியை நோக்க" என்று மனதுக்குள் தொடங்கிவிட்டேன். ரோடு போடும் இடத்தில் தரையைத் துளைக்கிற மாதிரி சத்தம். அந்த இடியின் தாளத்திலேயே "காக்க காக்க" என்று வரிகள் போய்க்கொண்டிருந்தன. நெற்றி, கண், செவி, நாசி, பல், நாக்கு என்று ஒவ்வொன்றாக வேலிடம் ஒப்படைத்துக்கொண்டே இறங்கும் பாட்டு அது. "என்னிளங் கழுத்தை இனியவேல் காக்க" என்ற வரி வந்ததும் கண்ணீர் காதோரம் வழிந்தது. அசையக் கூடாது என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் சத்தம் சட்டென்று நின்றது. அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. வரி மறந்துபோய் "முருகா, முருகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்து கையில்தான் இருந்தது, அமுக்கத் தோன்றவில்லை. மறுபடி இடி தொடங்கியதும் கவசத்தை முதலிலிருந்து பிடித்துக்கொண்டேன். எத்தனை முறை சுற்றி வந்தேனோ தெரியாது, "முடிஞ்சிருச்சும்மா" என்ற குரல் கேட்டது.

கழுத்தில் ஜவ்வு கொஞ்சம் விலகியிருந்தது. ஆபரேஷன் இல்லாமல் பிசியோதெரபியிலேயே சரியாகிக்கொண்டு வருகிறது. இப்போது லிப்டிலும் ஏறுகிறேன், கவசத்தோடுதான்.

மயக்க மருந்து வாங்கிக்கொண்டு எடுப்பவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மருந்தும் அவன் கொடுத்ததுதான். இதே பயத்தோடு ஸ்கேனுக்குப் போகிறவர்கள் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் பொறுமையாகவே நடந்துகொள்கிறார்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு போகலாம். புத்தகமோ போனோ உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் உங்கள் சாமியின் பாட்டோ ஜெபமோ துஆவோ, எதுவானாலும் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.