பிடியரிசிப் பையில் பிள்ளையின் பெயர் எழுதலாமா?

புளியந்தீவு:
ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்துக்கு ஆரம்பப் பிரிவில் என்ன செய்யலாம் என்று, கல்லடிப்பாலம் என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இங்கே ஒரு திட்டம் போட்டிருந்தார். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கம்: ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய பையில் கிழமைக்கு ஒருக்கால் பிடியரிசி கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை தராசில் நிறுத்து, கூடக் கொண்டுவந்த மூன்று பேருக்குக் காலைக்கூட்டத்தில் நட்சத்திரம் குத்த வேண்டும். "இரக்கத்தை வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை" என்று முடித்திருக்கிறார்.

பிடியரிசியோடு எனக்குப் பிணக்கில்லை. அந்தப் பெயரோடுதான் பிணக்கு. உலை வைக்கும்போது அரிசி களையமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பேணியில் போடுவதுதான் பிடியரிசி. ஏழு வயசுப் பிள்ளையின் கைப்பிடி ஏறக்குறைய 25 கிராம். ஏழு நாளைக்கு 175 கிராம், ஒரு சுண்டுக்கு, அதாவது ஒரு பால்பேணி அளவுக்கு, கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் அந்தப் பிள்ளை கொடுக்கக்கூடியது. பையில் பெயரை எழுதித் தராசையும் வைத்தால், இரண்டாம் கிழமை ஒரு கிலோ வரும். மூன்றாம் கிழமை கடையில் வாங்கிய ஐந்து கிலோ பைக்கற் வரும், தையல்கூடப் பிரியாமல். அதில் பிள்ளையின் கை எங்கே பட்டது? நாட்கூலி வீட்டில் அரிசி ஒரு கிலோ ஒரு கிலோவாகத்தான் வாங்குவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை பாடசாலைக்கே வராது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6. தர்மம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று காலையில் வாசித்துவிட்டு, பத்து மணிக்குப் பெயர் எழுத மார்க்கர் பேனை கொடுப்பீர்களா?

கல்லடிப்பாலம்:
அதே மத்தேயுவில் ஒரு அதிகாரம் முன்னுக்குத் திருப்பிப் பாருங்க, 5:16. உங்கள் நற்செயல்களை மனிதர் காணும்படி உங்கள் ஒளி ஒளிரட்டும் எண்டும் இருக்கு. நீங்க விரும்பின வசனத்தை மட்டும் வாசிக்கிறது உங்கட பழக்கம்.

இப்ப வேலைக்கு வருவம். 35 பிள்ளை, 35 பை. பெயர் இல்லாம யாருடைய பையை யாருக்குத் திருப்பிக் குடுக்கிறது? ஒரு பையில வண்டு வந்தா முழுப் பானையும் போச்சு. எந்த வீட்டு அரிசி எண்டு தெரிஞ்சாத்தானே தாய்க்கு ஒரு சொல்லுச் சொல்லலாம்? தரம் 1 பிள்ளை முதல்ல வாசிக்கப் பழகுற சொல் தன்ர பெயர். அதைப் பையில எழுத வைக்கிறது தமிழ்ப் பாடம். இதையெல்லாம் யோசிச்சுத்தான் நான் எழுதினன்.

படுவான்கரை:
ரெண்டு பேரும் மட்டக்களப்பு டவுனுக்க இருந்து கதைக்கிறீங்க. தவக்காலம் வாறது மாசி, பங்குனி. பெரும்போக வெட்டு நேரம். வாவிக்கு அக்கரையில எங்கட பக்கம் நெற்காரர் பிள்ளை மரைக்கால் கணக்கில கொண்டு வரும். வாவியில வலை போடுறவர்ர பிள்ளைக்கு ரெண்டு நாள் மீன் படாட்டி ஒரு பிடியும் இல்ல. நிறுத்துப் பரிசு குடுத்தா ஆருக்கு நட்சத்திரம் எண்டு இப்பவே சொல்லிடலாம்.

புளியந்தீவு:
நன்றி படுவான்கரை. தராசு பிள்ளையை நிறுக்காது, வயலை நிறுக்கும்.

கல்லடிப்பாலம் கேட்ட "வேலை"க்கு வேலையாகவே பதில் தருகிறேன். ஒரே துணியில் ஒரே அளவில் 40 பை தையுங்கள், ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம், வாயில் நாடா. பை பிள்ளைக்குரியது அல்ல, வகுப்புக்குரியது. திங்கள் காலை கூடையிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துப் போவார்கள், வெள்ளி காலை வெறும் பையைக் கூடையில் போடுவார்கள். யாருக்கு எந்தப் பை என்ற கேள்வியே எழாது. ஐந்து பை மேலதிகம், ஏனென்றால் கிழமைக்கு இரண்டு மூன்று வீட்டில் தங்கிவிடும்.

வாய் ஒடுங்கிய மண்பானை ஒன்றை வகுப்பு மூலையில் வையுங்கள். பிள்ளை பையோடு கையை உள்ளே விட்டுக் கவிழ்த்துவிட்டு எடுக்கும். அரிசி இல்லாத பிள்ளையும் கையை விட்டு எடுக்கும். போட்டதா இல்லையா என்பது அந்தப் பிள்ளைக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். வாய் அகன்ற வாளி வைத்தால் திட்டம் அங்கேயே கெட்டுவிடும், பின்னால் நிற்பவன் எட்டிப் பார்ப்பான்.

வண்டுக்கு வழி, பானையிலிருந்து அரிசியைச் சேமிப்புப் பேணியில் கொட்டமுன் சுளகில் புடைப்பது. தரம் 3, 4 பிள்ளைகள் அதைச் செய்யலாம், கல், உமி, வண்டு மூன்றையும் பிரித்து எடுப்பது நல்ல சுற்றாடல் செயற்பாடு. பேணியில் நாலு காய்ந்த மிளகாயும் உலர்ந்த வேப்பிலையும் போட்டு இறுக்க மூடுங்கள். தாய்க்குச் சொல்லுச் சொல்ல வேண்டிய தேவை எங்கே வருகிறது?

கல்லடிப்பாலம்:
சிவப்பரிசியும் வெள்ளையும், புழுங்கலும் பச்சையும் ஒரே பானைக்குள்ளயா? சிவப்பு வேகமுன்னம் வெள்ளைப் பச்சை குழைஞ்சு போகும். சமைக்கிற ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்க. பெயரும் அரிசி வகையும் பையில எழுதினா இந்தப் பிரச்சினை வராது.

புளியந்தீவு:
அரிசி வகையைப் பிரிக்க இரண்டு பானை போதும், ஒன்று புழுங்கல், ஒன்று பச்சை. அப்படியும் கலந்தால் கஞ்சிக்குப் போகட்டும், கஞ்சியில் குழைவது குற்றமில்லை. வகை எழுதுவதற்கும் பெயர் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? பெயர் யாருக்காக என்பதுதான் கேள்வி. அரிசிக்குப் பெயர் தேவையில்லை. சாப்பிடப்போகிறவருக்கும் தேவையில்லை.

திருக்கோவில்காரி:
பையை விட்டுட்டு ஒரு விசயம் கேக்கலாமா? இரக்கம் எண்டு நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்லுறீங்க? குடுக்கிறதையா, மற்றவரின் நோவை உணர்றதையா? அதை வரையறுத்தால் பாதிச் சண்டை முடியும். அரிசி சேர்த்துக் குடுத்ததோட பாடம் முடியாது. இயேசு சபையினர் வகுத்த இஞ்ஞாசியார் கற்பித்தல் முறையில் சூழமைவு, அனுபவம், சிந்திப்பு, செயல், மதிப்பீடு எண்டு ஐந்து இருக்கு. உங்கள் திட்டம் ரெண்டிலும் செயல் மட்டும்தான் இருக்கு.

இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையை நடிச்சுப் பாருங்க. கள்வரிட்ட அடிபட்டு வழியில் கிடந்தவரைக் குருவும் ஆலய ஊழியரான லேவியரும் கண்டும் கடந்து போக, வேற்றினத்துச் சமாரியர் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்த கதை. ஐந்து பேர் கொண்ட குழு: காயப்பட்டவர், குரு, லேவியர், சமாரியர், சத்திரக்காரர். வழக்கமாக எல்லாரும் சமாரியராக வரத்தான் சண்டை பிடிப்பார்கள், அதனால் சுழற்சி கட்டாயம். முக்கியமான பாத்திரம் காயப்பட்டவர். இரண்டு நிமிசம் நிலத்தில் அசையாமல் படுத்திருக்க, மற்றவர்கள் முகம் திருப்பிக் கடந்து போக வேண்டும். ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு நிமிசம், மாறுவதற்கு ஒரு நிமிசம், ஆக 15 நிமிசம். பிறகு "எப்படி உணர்ந்தாய்" எண்டு கேக்காதீங்க, முப்பத்தைந்து பேரும் "சந்தோசமா இருந்திச்சு டீச்சர்" எண்டுதான் சொல்லும். "படுத்திருக்கேக்க என்ன சத்தம் கேட்டது? ஆர்ர காலைப் பாத்தாய்?" எண்டு கேளுங்க. பதில் வேற மாதிரி வரும். தரம் 4, 5க்குக் கணக்கும் இருக்கு. சமாரியர் சத்திரக்காரருக்குக் குடுத்தது இரண்டு தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. இப்பத்தைய நாட்கூலியில் அது எவ்வளவு எண்டு பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும்.

கல்லடிப்பாலம்:
நல்லது டீச்சர். அந்தக் குழுவில ஆர் எந்தச் சுற்றில படுத்தது எண்டு பெயர் எழுதித்தானே வைப்பீங்க? அப்ப பெயர் குற்றமில்ல.

புளியந்தீவு:
அது ஆசிரியரின் பதிவேடு. மேசை இலாச்சிக்குள் இருப்பது. பையில் எழுதுவது சந்தியில் பலகை நடுவது. வித்தியாசம் தெரியாமல் கேட்கவில்லை நீங்கள், தெரிந்துதான் கேட்கிறீர்கள். நத்தார் ஒளிவிழா பற்றிய விவாதத்திலும் இதே மாதிரித்தான். வெள்ளைச் சட்டை தைக்க வசதியுள்ள பிள்ளைகள் மட்டும் வருசா வருசம் சம்மனசாக, அதாவது வானதூதராக, நிற்பது சரியா என்று கேட்டேன். நீங்கள் துணி விலையைப் பற்றி இருபது பதில் எழுதினீர்கள்.

பரிசு பற்றி இன்னும் ஒன்று. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூவர் அமெரிக்காவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். வர்ணப் பேனையால் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகள். ஒரு பகுதிக்குக் கீறினால் தங்க நட்சத்திரச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு கிழமை கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாகக் கீறிய நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. உங்கள் நட்சத்திரமும் அதே நட்சத்திரம்தான்.

கல்லடிப்பாலம்:
அந்த ஆய்வில மூண்டாவது பகுதியும் இருந்ததே, அதை ஏன் மறைக்கிறீங்க? முன்னுக்குச் சொல்லாம, கீறி முடிச்ச பிறகு அதே சான்றிதழைக் குடுத்த பிள்ளைகளுக்கு விருப்பம் குறையேல்ல. அப்ப நட்சத்திரம் கெட்டதில்ல, முன்னுக்கு ஆசை காட்டுறதுதான் கெட்டது. அரைவாசியை வாசிச்சுப்போட்டு எங்களுக்குப் படிப்பிக்க வாறீங்க.

புளியந்தீவு:
மறைக்கவில்லை, அந்தப் பகுதி உங்களுக்கு உதவாது. முதல் வெள்ளிக்கிழமை கிடைக்கிற நட்சத்திரம் எதிர்பாராதது. சரி. இரண்டாம் வெள்ளிக்கிழமை? ஆறு கிழமைத் திட்டத்தில் ஐந்து கிழமை அது முன்கூட்டியே சொன்ன பரிசுதான். 2008இல் வார்னெக்கனும் தோமசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இன்னும் கிட்ட வருகிறது. விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், ஒன்றும் பெறாத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகத்தான் உதவின. மொன்ரிசோரி கல்வி முறையை வகுத்த மரியா மொன்ரிசோரி அம்மையார் கத்தோலிக்கர்தான், 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சியும் நடத்தினவர். பரிசும் தண்டனையும் பிள்ளைக்கு வேண்டாம் என்பது அவருடைய முறையின் அடித்தளம்.

தாண்டவன்வெளித் தாய்:
தரம் 5 பிள்ளையளுக்கு இதுக்கெல்லாம் நேரம் எங்க? புலமைப்பரிசில் பரீட்சையின்ர 200 புள்ளிக்கு நாளும் பொழுதும் ஓடுதுகள். தரம் 1, 2ஓட நிப்பாட்டுங்க.

திருக்கோவில்காரி:
தங்கச்சி, நேரம் கூடத் தேவையில்லை. தரம் 1, 2இல் விளையாட்டு கூட, தரம் 3, 4இல் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை மூன்றும் சமம், தரம் 5இல் மேசைவேலை கூட. அந்தச் சமநிலைக்குள்ளேயே இது அடங்கும். கிழமைக்குச் சேருகிற அரிசியைச் சுண்டிலும் கிராமிலும் அளந்து வரைபு கீறினால் அது தரம் 5 கணிதம்தான்.

கல்லடிப்பாலம்:
கிராமில அளக்கலாமாம்! அப்ப தராசு வரலாம், பெயர் மட்டும் வரக்கூடாது.

புளியந்தீவு:
முழுப் பானையை நிறுப்பது வேறு, பிள்ளையை நிறுப்பது வேறு. 35 பேரில் 30 பிள்ளை போட்டால், தலைக்கு 175 கிராம், கிழமைக்கு 5 கிலோ 250 கிராம். ஆறு கிழமையில் 31 கிலோ 500 கிராம். அது வகுப்பின் கணக்கு, "நாங்கள்" என்று எழுதலாம். இன்னொன்று, அந்த அரிசியை அதே வகுப்பிலுள்ள ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் பானைக்குள் கைவிட்ட பிள்ளை. முதியோர் இல்லம் மாதிரி வெளி இடத்துக்கு, முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்லுகிற நாளில் கொண்டுபோங்கள். படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள்.

படுவான்கரை:
இதில கத்தோலிக்கப் பிள்ளை மட்டுமா? சமயப் பாட நேரம் அவங்க ஒரு அறைக்கும் சைவப் பிள்ளைகள் வேற அறைக்கும் போகுதுகள். பானை எந்த அறையில நிக்கும்?

கல்லடிப்பாலம்:
கத்தோலிக்கப் பாடசாலையில கத்தோலிக்க அறையிலதான் நிக்கும்.

படுவான்கரை:
எந்தக் கத்தோலிக்கப் பாடசாலை? 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்து, அரச உதவியோட சமய சபைகள் நடத்தின பாடசாலைகள் அரசுக்குப் போன கதை தெரியாதா? இப்ப அதிபரை அனுப்புறதும் சம்பளம் குடுக்கிறதும் அரசு. பெயர்ப்பலகையில புனிதரின் பெயர் இருந்தாப் போல ஆச்சா?

கல்லடிப்பாலம்:
பலகை மட்டுமில்ல. எங்கட புனித மிக்கேல் கல்லூரி 1873இல தொடங்கினது. அந்த மரபைக் கட்டி எழுப்பினது குருமார். சட்டம் கட்டடத்தை எடுத்துது, மரபை எடுக்கேல்ல. உங்களுக்கு டவுன் பாடசாலை எண்டாலே பொறாமை.

படுவான்கரை:
பொறாமையா? அக்கரையில ஒரு ஆசிரியரை மூண்டு வகுப்புக்கு விட்டுட்டு இக்கரையில நட்சத்திரம் குத்திறதப் பத்திக் கதைக்கிற ஆக்களில எனக்கென்ன பொறாமை?

புளியந்தீவு:
பானை வகுப்பறையில் நிற்கட்டும், சமய அறையில் அல்ல. பிடியரிசி சைவ வீடுகளிலும் காலாகாலமாக இருக்கிற பழக்கம். காலையில் எல்லாப் பிள்ளையும் ஒன்றாக இருக்கிற முதல் பத்து நிமிசத்தில் செய்தால் ஒருவரும் வெளியே நிற்கமாட்டார்கள். தவக்காலம் என்ன என்பதைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சமயப் பாடத்தில் சொல்லுங்கள்.

இனி என் கேள்விக்கு வாருங்கள் கல்லடிப்பாலம். பை திருப்பிக் கொடுப்பதற்கு வழி சொன்னேன். வண்டுக்குச் சொன்னேன். அரிசி வகைக்குச் சொன்னேன். பெயர் வாசிக்கப் பழக வேண்டுமென்றால் கொப்பி இருக்கிறது, கதிரையின் முதுகு இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. இதற்குப் பிறகும் பையில் பெயர் யாருக்காக? மறுபடியும் கேட்கிறேன்.

கல்லடிப்பாலம்:
ஒரே மாதிரி 40 பை தைக்கிற துணிக்கும் கூலிக்கும் காசு ஆர் தாறது? அதை முதல்ல சொல்லுங்க. வீட்டில இருக்கிற பையில பெயர் எழுத ஒரு சதமும் செலவில்ல.

புளியந்தீவு:
மறுபடியும் துணி விலை. பழைய வேட்டி இரண்டு போதும். பெயர் யாருக்காக?

திருக்கோவில்காரி:
இரக்கம் எண்டா என்ன எண்டு கேட்டனே. அதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல.

கல்லடிப்பாலம்:
வேட்டித் துணியில அரிசி ஒழுகும். மெல்லிசு.

புளியந்தீவு:
இரண்டாக மடித்துத் தைத்தால் ஒழுகாது. பெயர்?