அம்மம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டு: திதி, வாழ்க்கை வரலாறு, அச்சு

பூவரசு:
அம்மம்மா 2026 ஜனவரியில் ரொறன்ரோவில் இரவு 9.20க்குக் காலமானவ. 31ஆம் நாளுக்கு யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு (நினைவு மலர்ப் புத்தகம்) அடிக்க வேணும், 250 பிரதி. இன்னும் 19 நாள் இருக்கு. கையில் இருப்பது ஆறு பழைய படங்களும் மாமா எழுதின அரைப்பக்க வரலாறும். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு எந்த நேரத்தைக் கொடுப்பது?

நாழிகை:
ரொறன்ரோ குளிர்கால நேரத்தோடு பத்தரை மணித்தியாலம் கூட்டுங்கோ. இலங்கையில் மறுநாள் காலை 7.50. அந்த நேரத்தில் நின்ற திதிதான் கணக்கு. நாட்காட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் திதியை அப்படியே எடுத்துவிடாமல், அது எத்தனை மணி வரை என்று பாருங்கோ. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் முடிவு நேரம் வேறுபடும். வீட்டில் முந்தின திவசங்கள் எந்தப் பஞ்சாங்கப்படி நடந்தனவோ, அதையே பிடியுங்கோ.

தமிழ் ஆண்டுப் பெயரிலும் பிழை வரும். ஜனவரி என்றபடியால் இன்னும் விசுவாவசுதான். பராபவ ஏப்ரல் நடுவில்தான் பிறக்கும். ஆண்டு, மாதம், பூர்வமோ (வளர்பிறை) அபரமோ (தேய்பிறை), திதி ஆகிய நாலும் வெண்பாவுக்குள் வரவேணும். கடைசி அடியில் மூன்று சீர், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் ஒன்று. தளை (சீர்கள் சேரும் முறை) தட்டினால் எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கோ, அச்சகத்தில் சொல்லை மாற்ற விடாதேங்கோ.

ஒடியல்:
மாமாவின் அரைப்பக்கத்தில் அம்மப்பாவின் உத்தியோகமும் பிள்ளைகளின் பட்டங்களும்தானே இருக்கும்? பெரும்பாலான கல்வெட்டுகள் அப்படித்தான். "அன்பான மனைவி, பாசமிகு தாய்" என்று எல்லாருக்கும் எழுதலாம். அதை வாசித்து அவவை ஒருத்தரும் அடையாளம் காணமாட்டினம்.

முதலில் உயிரோடு இருக்கிற சகோதரங்களிடம் கேளுங்கோ; பிள்ளைகளுக்குக் கலியாணத்துக்கு முந்தின வாழ்க்கை தெரியாது. "எந்த வருஷம்?" என்றால் பதில் வராது. 1964 டிசெம்பர் புயலுக்கு முந்தியோ பிந்தியோ, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எந்தப் பிள்ளை கைக்குழந்தை, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவ என்று கேட்டால் ஆண்டுகள் தானாக வரும். எத்தனையாம் வகுப்பு வரை படித்தவ, சீதனக் காணியில் என்ன நட்டவ, சீட்டுப் பிடித்தவவோ, பேரப்பிள்ளைகளைத் திட்டும்போது என்ன சொல்லுவா? கூழுக்கு ஒடியல்மா (பனங்கிழங்கு மா) எத்தனை சுண்டு (அளவு) என்பதும் எழுதவேண்டிய விஷயம்தான். நாலு பக்கம் போதும்.

அச்சுக்கோர்ப்பு:
நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்கவேணும்: 32, 36, 40. சிவபுராணமும் தேவாரமும் சேர்க்க 36 ஆகும். சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கோ, இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் தாங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கோ.

சில அச்சகங்களில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். யூனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஆகவே மூலத்தைப் பிடிஎஃப்பாகவும் கொடுத்து, மெய்ப்பை (அச்சுக்கு முந்தின மாதிரிப் பிரதி) எழுத்தெழுத்தாகப் பாருங்கோ. மெய்ப்புக்கு 2 நாள், அச்சுக்கும் கட்டுக்கும் 5 நாள், பிந்தினால் சமாளிக்க 3 நாள் வையுங்கோ. அப்படிப் பார்த்தால் எழுத 9 நாள்தான் மிச்சம்.

பூவரசு:
நன்றி. வம்சாவளியை நான் ஒரு ஆளாகவே போடலாமோ?

ஒடியல்:
வேண்டாம். சண்டை வருகிறதே அந்தப் பக்கத்தால்தான். ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அனுப்பி "சரி" என்று எழுத்தில் வாங்குங்கோ. விடுபடுவது பெரும்பாலும் இளவயதில் இறந்த சகோதரங்களும் பூட்டப்பிள்ளைகளும். இறந்தவர்களுக்கு "அமரர்" போட மறக்காதேங்கோ. இருக்கிற ஆளுக்குத் தவறிப் போட்டுவிடவும் வேண்டாம்.

நாழிகை:
ஒரு பிரதியை "நூலகம்" என்ற எண்ணிம நூலக இணையத்தளத்துக்கும் (noolaham.org) கொடுங்கோ, நினைவு மலர்களையும் அங்கே சேமிக்கினம். அதற்குமுன் நன்றி நவிலல் பக்கத்தில் தொலைபேசி இலக்கங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கோ.