பின்னணி ப்ராசஸைக் கிளப்பிய பிறகு எஸ்எஸ்ஹெச் மூடாமல் தொங்குகிறது

கேள்வி:
பாஷ் ஸ்கிரிப்ட்டில் வைல் ரீட் லூப் போட்டு சர்வர் பட்டியலைப் படிக்கிறேன். ஒவ்வொரு சர்வரிலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள மெஷினில் கமாண்ட் ஓட்டும் கருவி) வழியே ஒரு ப்ராசஸை & போட்டுப் பின்னணியில் கிளப்ப வேண்டும். முதல் சர்வரில் ப்ராசஸ் ஓடுகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் திரும்பி வருவதில்லை. கடைசியில் எக்சிட் சேர்த்தும் பலனில்லை. அந்த எஸ்எஸ்ஹெச்சை மட்டும் கில் செய்தால், அடுத்த சர்வருக்குப் போகாமல் லூப்பே முடிந்துவிடுகிறது.

பதில் 1:
எக்சிட் உதவாது, அந்தப் பக்கத்து ஷெல் எப்போதோ முடிந்துவிட்டது. பின்னணி ப்ராசஸ் அதன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டையும் எரரையும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த பைப்கள் மூடும்வரை எஸ்எஸ்ஹெச்டி (சர்வர் பக்கத்து எஸ்எஸ்ஹெச் ப்ரோக்ராம்) காத்திருக்கும். இன்புட், அவுட்புட், எரர் மூன்றையும் திருப்பிவிடுங்கள்:

எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் 'நோஹப் கமாண்ட் </டெவ்/நல் >/டிஎம்பி/லாக் 2>&1 &'

2>&1 கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் எரர் பழைய பைப்பிலேயே நிற்கும், மறுபடி தொங்கும். ஒற்றை மேற்கோளை விட்டால் திருப்புவதும் & போடுவதும் உங்கள் மெஷினிலேயே நடந்துவிடும். நோஹப் (இணைப்பு அறுந்தாலும் கமாண்டை ஓடவிடுவது) மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவுட்புட் டெர்மினலாக இருந்தால்தான் அது திருப்பும். இங்கே இருப்பது பைப்.

பதில் 2:
லூப் நிற்பது வேறு கோளாறு. எஸ்எஸ்ஹெச் தன் ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படிக்கிறது, அதாவது உங்கள் பட்டியலின் மிச்ச வரிகளை அதுவே விழுங்கிவிடுகிறது. அது படிக்காமலிருக்க எஸ்எஸ்ஹெச் -என் என்று கொடுங்கள். டேட்டாவை பைப் செய்து அனுப்பும் இடத்தில் -என் ஆகாது. அங்கே பட்டியலை 3<ஃபைல் என்று திறந்து ரீட் -யு 3 மூலம் படியுங்கள்.

பதில் 3:
நெட்வொர்க் அறுந்தாலும் இப்படித்தான் தொங்கும். -ஓ சர்வர்அலைவ்இன்டர்வல்=15 (சர்வரை 15 விநாடிக்கொருமுறை விசாரிப்பது) கொடுத்தால், கவுன்ட்மேக்ஸ் (பதில் வராமல் பொறுக்கும் தடவைகள்) இயல்பாகவே 3 என்பதால், சுமார் 45 விநாடியில் இணைப்பு விழும். கனெக்ட்டைம்அவுட்=10, பேட்ச்மோட்=எஸ் இரண்டும் அவசியம்; பின்னது இல்லாவிட்டால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். எக்சிட் கோட் 255 என்றால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச்சின் கோளாறு, மற்ற எண்கள் ரிமோட் கமாண்டுடையவை.

கன்ட்ரோல்மாஸ்டர் (ஒரே இணைப்பைப் பல செஷன்கள் பகிர்வது) வைத்திருந்தால், ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் ட்ராப் ... எக்சிட் உள்ளே எஸ்எஸ்ஹெச் -ஓ எக்சிட் ஹோஸ்ட் போடுங்கள் (இந்த ஓ பெரிய எழுத்து). ஓடும் செஷன்களையும் அது வெட்டிவிடும். அவை முடியட்டும் என்றால் எக்சிட்டுக்குப் பதில் ஸ்டாப்.

கேட்டவர்:
திருப்பிவிட்டதும் -என் சேர்த்ததும் சரியாகிவிட்டது. நேரம் மீறினால் நிறுத்த, எஸ்எஸ்ஹெச்சுக்கு முன்னால் டைம்அவுட் 300 போடலாமா?

பதில் 1:
வேண்டாம். அது இங்குள்ள எஸ்எஸ்ஹெச்சைத்தான் கொல்லும். டிடிஒய் (டெர்மினல்) இல்லாததால் அங்கே கமாண்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். மேற்கோளுக்குள், நோஹப்புக்கு அடுத்து டைம்அவுட் 300 வையுங்கள்.