அப்பாவின் பேஸ்மேக்கரில் இன்னும் ஒன்பது வருஷ பேட்டரி இருக்கிறது. இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

செல்லூர் தறி

அப்பா தவறி இன்றோடு இருபத்திரண்டு நாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடித்துடிப்பு 34க்கு இறங்கி, தறிக்குழியிலேயே மயங்கிச் சாய்ந்தார். அப்போது, இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேட்டரிக் கருவியான பேஸ்மேக்கர் வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவருக்குக் கிறுகிறுப்பு வந்ததில்லை. இப்போது போனது நுரையீரல் தொற்றில், வீட்டில்.

தத்தனேரி மயானத்தில் சொல்லி வைக்கப் போனபோது அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறார்களா?” என்பதுதான். சூட்டில் அது வெடிக்குமாம், எடுத்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றார். தெரிந்த மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, இடது தோள்பட்டைக்குக் கீழே இரண்டு அங்குலம் கீறி, இதயத்துக்குப் போகும் கம்பிகளை வெட்டி, எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெங்கலக் கிண்ணத்தில் போட்டு, அப்பா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

உள்ளங்கையில் வைத்தால் நாலைந்து நாணயத்தை அடுக்கினாற்போல அவ்வளவுதான் கனம். ஓரமெல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. மார்கழியில் செக் பண்ணியபோது இன்னும் ஒன்பது வருஷம் ஓடும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம்! ஒரு மனிதரின் ஒன்பது வருஷம் எங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. கண்ணைத் தானம் கொடுக்கிற ஊர் இது. இதை மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?

உசிலை கேத்லேப்

அண்ணே, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் கேத் லேபில், அதாவது இதயத்துக்குக் கம்பி, கருவி எல்லாம் வைக்கும் சிகிச்சைக்கூடத்தில், பதினோரு வருஷமாக டெக்னீஷியன். உங்கள் மனசு புரிகிறது, ஆனாலும் கூடாது என்றுதான் சொல்வேன்.

புதுக் கருவி வரும் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் மேல் ஒரு வட்டத்துக்குள் 2 என்று போட்டு, குறுக்கே கோடு அடித்திருப்பார்கள். இரண்டாம் முறை பயன்படுத்தாதே என்று அர்த்தம். கம்பெனி வியாபாரத்துக்காக மட்டும் போட்டது இல்லை அது. டைட்டானியக் கூடு கண்ணாடி மாதிரி துடைக்க வரும், அது சரி. தலைப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பகுதி இருக்கிறதே, கம்பி சொருகுகிற துளை, அதற்குள் சின்னத் திருகாணி, அதன் மேல் ரப்பர். அங்கே ரத்தம் கசிந்து உறைந்து போயிருக்கும். உங்கள் மருத்துவர் கம்பியை வெட்டித்தான் எடுத்திருக்கிறார், அப்படியானால் நுனி இன்னும் உள்ளேயே இருக்கும். நீராவியில் போட்டு எடுக்கவும் முடியாது, பேட்டரி போய்விடும். எத்திலீன் ஆக்சைடு வாயுவில்தான் கிருமி நீக்க வேண்டும். ஒட்டிய ரத்தம் போகாமல் வாயு மட்டும் காட்டினால் பிரயோசனம் இல்லை.

பேஸ்மேக்கரை வைக்கும் தோலுக்கடிப் பையில் கிருமி பிடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தோல் நீலம் பாய்ந்து, மெலிந்து, கருவியின் மூலை வெளியே தெரிந்தது. கருவி, கம்பி எல்லாவற்றையும் உருவி எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் இதயத் தசையோடு ஒட்டிப்போன கம்பியை உருவுவது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் ஒன்று, இதைப் படிக்கிற எல்லோருக்கும். வைத்திருப்பது பேஸ்மேக்கர் இல்லாமல் ஐசிடி என்கிற அதிர்ச்சி கொடுக்கும் கருவியாக இருந்தால், அணைக்காமல் கம்பியை வெட்டக் கூடாது. வெட்டுகிறவர் கையில் அடிக்கும்.

திருமங்கலம் ராணி

தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் கருவி கையில் இருக்கிறவர்களின் கவலை. கிடைக்காதவர்கள் கதையை நான் சொல்கிறேன்.

என் மாமியார் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர். விடிகாலையில் செடி மேலேயே விழுந்து கிடந்தார். ஈசிஜி எடுத்துவிட்டு முழு ஹார்ட் ப்ளாக் என்றார்கள். மேலறையின் மின்சாரம் கீழறைக்கு வரவே இல்லையாம், கீழறை தன்பாட்டுக்கு 30 முறை துடித்துக்கொண்டிருந்ததாம். கழுத்து வழியாகத் தற்காலிகக் கம்பி போட்டார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் அதில் ஒரு விளக்கு மினுக்கும். பதினோரு நாள் நான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பினால் விளக்கு ஒன்றிரண்டு தடவை ஏமாற்றும், எனக்கு உயிர் போய்த் திரும்பும்.

ஏன் பதினோரு நாள்? குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். காப்பீடு வரவில்லை. கையில் காசு இல்லை. கடைசியில் நகையை வைத்துத்தான் கருவி வாங்கினோம். அந்தப் பத்தாவது நாள் ராத்திரி யாராவது வந்து, “ஒருவர் போட்டிருந்தது, கழுவிச் சுத்தம் செய்தது, ஒன்பது வருஷம் ஓடும், வேண்டுமா?” என்று கேட்டிருந்தால் இரண்டு கையையும் நீட்டி வாங்கியிருப்பேன்.

மேலூர் வாத்தியார்

எனக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. ஒரு முறை பேட்டரி தீர்ந்து மாற்றியும் ஆகிவிட்டது. எனவே கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

ராணியம்மா, உங்கள் பதினோரு நாளைப் படித்துக் கலங்கிப் போனேன். ஆனாலும் ஒரு கேள்வி. இந்தப் பழைய கருவியை யாருக்கு வைப்பார்கள்? தனியார் ஆஸ்பத்திரியில் ஏசி அறையில் படுத்திருப்பவருக்கா? நிச்சயம் இல்லை. பூப் பறிக்கிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும்தான். பழைய துணி, பழைய சோறு, இப்போது பழைய பேஸ்மேக்கர். இருப்பவனுக்குப் புதுசு, இல்லாதவனுக்கு இன்னொருவன் நெஞ்சிலிருந்து எடுத்தது என்று ஒரு வழக்கம் ஆரம்பித்தால், அரசாங்கம் புதுசு கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து நழுவ அதுவே வழியாகிவிடும். இரக்கத்தில் ஆரம்பிப்பது இரண்டாந்தர வைத்தியமாக முடிந்துவிடும். எனக்குப் பயம் கிருமியைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான்.

செல்லூர் தறி

ஐயா, இரண்டாந்தரம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஸ்வீடனில் 1998இல் வெளியான ஒன்றில், மறுபடி பயன்படுத்திய கருவி வைத்த 100 பேரையும் புதுசு வைத்த 100 பேரையும் ஒப்பிட்டார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. அதுவும் ஸ்வீடன், ஏழை நாடு இல்லை. மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் 53 ஏழை நோயாளிகளுக்கு, அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து எடுத்து வந்த பேஸ்மேக்கர்களை வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருஷம் கவனித்ததில் கிருமியும் இல்லை, கருவி பழுதும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது 2020இல் வந்தது. கனடாவின் மான்ட்ரியலில் சேகரித்துச் சுத்தம் செய்த கருவிகளை மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு நாடுகளில் 1,051 பேருக்கு வைத்தார்கள். கனடாவில் புதுசு வைத்த 3,153 பேரோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் கருவியால் ஒருவரும் சாகவில்லை.

உசிலை கேத்லேப்

அந்த ஆய்வு எனக்கும் தெரியும் அண்ணே. நீங்கள் விட்டுவிட்ட எண்ணையும் சொல்லிவிடுகிறேன். கிருமித் தொற்று, மறுபயன்பாட்டில் 2.0 சதவீதம், புதியதில் 1.2 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அது நிரூபணமான வித்தியாசம் இல்லை என்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவு யாருக்குச் சொந்தம்? ஒரே இடத்தில் சேகரித்து, ஒவ்வொன்றின் பேட்டரியையும் அளந்து, ஒரே முறையில் சுத்தம் செய்து, ஒவ்வொரு கருவியின் எண்ணையும் பதிந்து அனுப்பியவர்களுக்குச் சொந்தம். மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கிண்ணத்தில் வைத்ததற்கு அது பொருந்தாது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மாதிரி ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பழசைப் புதுசு என்று விற்க ஆள் வருவான். நோயாளி மயக்கத்தில் படுத்திருக்கிறார், நெஞ்சுக்குள் போனதைப் பார்க்கவா போகிறார்?

திருமங்கலம் ராணி

ஏமாற்றுகிறவன் இப்போதும் ஏமாற்றுவான் தம்பி. அவனுக்குப் பயந்து நேர்வழியை ஏன் அடைக்க வேண்டும்? ரத்த வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் விற்றார்கள், நோய் பரவியது. அதற்காக ரத்தம் ஏற்றுவதையா நிறுத்தினோம்? பரிசோதனை கொண்டுவந்தோம், பையில் எண் போட்டோம், காசுக்கு வாங்குவதைத் தடை செய்தோம்.

இரண்டு சதவீதம் என்கிறீர்கள். முழு ப்ளாக்கோடு கருவி இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு எத்தனை சதவீதம்? அதையும் பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள். எங்களுக்கு முன்னால் இருந்தது புதுசா பழசா என்ற கேள்வி இல்லை. பழசா, ஒன்றுமே இல்லையா என்பதுதான்.

அனுப்பானடி தங்கம்

செத்தவர் உடம்பில் இருந்ததை நம் ஊர்ச் சனம் வாங்குமா அக்கா? எங்கள் வீட்டில் என்றால் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருமங்கலம் ராணி

கண்ணை வாங்குகிறோமே தங்கச்சி. இதை அத்தையிடமே இப்போது கேட்டேன். “அந்த மனுசன் யாரு, பேரு என்ன, சொன்னா அவருக்கும் சேத்து ஒரு வெளக்குப் போடுவேன்” என்கிறார்.

மேலூர் வாத்தியார்

கண் என்றதும் நம் ஊரிலேயே நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. கண்புரை அறுத்த பிறகு உள்ளே வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏழைக்கு அது எட்டாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளைக்காரர் கண்ணில் போட்டு எடுத்ததைக் கொண்டுவந்தார்களா? 1992இல் ஆரோலேப் என்று ஆரம்பித்து, மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார்கள். பணக்காரர் கண்ணிலும் அதே லென்ஸ், ஏழை கண்ணிலும் அதே லென்ஸ்.

இதயத்திலும் உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு செய்த செயற்கை வால்வு. முதலில் செய்து பார்த்தவை சோதனையிலேயே தோற்றன. விடாமல் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் விஷயத்தில் அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு போட்டது, மருந்து தடவிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கேயே செய்வதும் விலையைக் கட்டுவதும்தான் சரியான வழி. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கிண்ணத்தில் இருப்பதைப் பங்கு போடப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செல்லூர் தறி

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வால்வுக்கு எத்தனை வருஷம் உழைத்தார்கள்? அத்தனை வருஷமும் நோயாளி காத்திருக்க முடியுமா? எங்கள் தெருவிலேயே ஒரு தறிக்குடும்பம். இரண்டு பேர் நெய்கிறார்கள், வருஷ வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது என்று முதலமைச்சர் காப்பீட்டில் சேர முடியவில்லை. அவர்கள் ஏழையும் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, பணக்காரரும் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் நாளைக்கு ஒருவர் விழுந்தால்?

உசிலை கேத்லேப்

அண்ணே, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து முழுத் திரியையும் மறுபடி படித்தேன். ராணியக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கருவி இல்லாமல் திரும்பிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இப்படிச் சொல்கிறேன். சட்டமும் அமைப்பும் வந்து, பேட்டரி நிறைய மிச்சம் இருப்பதை மட்டும் எடுத்து, கம்பி மட்டும் எப்போதும் புதுசாகப் போட்டு, நோயாளியிடம் தமிழில் உட்கார்ந்து விளக்கிக் கையெழுத்து வாங்கி, ஒரு பைசா வாங்காமல் வைப்பதென்றால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்வேன். அதுவரை, அலமாரியில் இருப்பதை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். நல்லவராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

வாத்தியார் ஐயா சொன்ன சமத்துவத்துக்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வைப்பதென்றால் ஏழை வார்டு என்று பிரிக்காமல், ஒத்துக்கொள்கிற எவருக்கும் என்று இருக்க வேண்டும்.

மேலூர் வாத்தியார்

ஒத்துக்கொள்கிற எவருக்கும் என்று ஏட்டில் எழுதலாம் தம்பி. ஒத்துக்கொள்ள வேண்டிய நிலையில் யார் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் மாறவில்லை. ஆனால் முதன்முதலில் ஒத்துக்கொள்கிறவர் நானாக இருந்தால் என் வாதத்துக்கு என்ன பதில் என்று என் மனைவி கேட்கிறார். அடுத்த மாற்று எனக்கு இன்னும் ஐந்து வருஷத்தில் வரும். யோசிக்கிறேன்.

செல்லூர் தறி

அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கொடுக்கலாம் என்ற என் எண்ணம் அப்படியே இருக்கிறது, ஆனால் இந்தக் கருவியை இப்போது யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. உசிலைத் தம்பி, அப்பாவின் கருவி அட்டையை நாளைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். இது இப்போது உடம்பில் இல்லை என்று கம்பெனிப் பதிவில் எழுத வைக்க முடியுமா? அடுத்த செக்கப்புக்கு வரச் சொல்லி இன்னும் அப்பா போனுக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது. அம்மா பார்த்துவிடுகிறார்.

உசிலை கேத்லேப்

கொண்டு வாருங்கள் அண்ணே. எண்ணைச் சரிபார்த்து அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது.