பூங்கா கட்டப் பணம் இருக்கிறது, பராமரிக்க இல்லை: நகராட்சி பட்ஜெட் அனுபவங்கள்

எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி, பெயர் வேண்டாம். மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் வருடக்கணக்கில் கருவேலமுள் மண்டிக் கிடந்து, ஒருவழியாகச் சுற்றுச்சுவர், பேவர் பிளாக் நடைபாதை, ஊஞ்சல், போர்வெல் எல்லாம் வந்தது. அடுத்த கோடையிலேயே மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் செய்ய எழுதிக் கொடுத்தோம். "ஃபண்டு இல்லைம்மா" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதற்குள் செடிகள் காய்ந்துவிட்டன, சறுக்குமரத்தின் தகடு கிழிந்து பிள்ளைகளின் கையைக் கிழிக்கிற நிலைக்கு வந்துவிட்டது.

சரி, ஃபண்டு ஏன் இல்லை என்று பார்த்துவிடலாமே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு பட்ஜெட் புத்தகத்தின் நகலை வாங்கினேன். பார்க்கத்தான் மிரட்டும். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே போன வருடம் உண்மையில் செலவானது, இந்த வருடத் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருட ஒதுக்கீடு என்று கட்டங்கள் இருக்கும். ஸ்கேலை வைத்துப் 'பூங்கா பராமரிப்பு' என்ற ஒரு வரியை மட்டும் குறுக்கே படியுங்கள், போதும். எங்கள் ஊரில் ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை, ஆனாலும் அதே தொகையை மறுபடி ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் சில பக்கம் தள்ளி, புதிதாகக் கட்டும் வேலைகளுக்கான மூலதனச் செலவில், புதிய பூங்கா அமைக்க அதைவிடப் பல மடங்கு பெரிய தொகை. இருக்கிற பூங்காவுக்கு மோட்டார் இல்லை, இன்னொரு பூங்காவுக்கு டெண்டர் விடுகிறார்கள். மனசு பொறுக்கவில்லை.

*

மேலே பூங்கா மோட்டார் பற்றி எழுதிய அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. நான் நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நகராட்சிக் கணக்கு வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். பூங்காப் பராமரிப்பு, தெருவிளக்கு, சாலையில் பேட்ச் ஒர்க் எல்லாம் முதலாவதில்தான் வரும், அதுவும் சொத்துவரி, தொழில்வரி, கடை வாடகை ஆகியவற்றை நம்பி. சம்பளத்தை நிறுத்த முடியாது, தெருவிளக்குக்கான கரண்ட் பில்லையும் தள்ளிப்போட முடியாது, அதனால் வரி வசூல் குறைந்தால் முதல் வெட்டு பராமரிப்பில்தான் விழும். குடிநீர் நிதி இன்னும் இழுபறி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டவேண்டும், நீரேற்றும் மோட்டாருக்குக் கரண்ட் கட்டவேண்டும், வீடுகளில் வசூலாகும் குடிநீர்க் கட்டணம் எங்களுக்கு அதற்கு ஈடானதே இல்லை.

மானியம் வருகிறதே என்பார்கள். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, பத்து லட்சம் மக்கள்தொகைக்குக் குறைவான ஊர்களுக்குச் சொன்ன மானியத்தில் 60% இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போட்ட பணம், அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40%-ஐ ஊரின் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. மோட்டார், குழாய், தகடு மாற்றுவதை அதில் கேட்கலாம் அம்மா, தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பணம் நகர்மன்றக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வார்டும் சிமெண்ட் ரோடு என்றுதான் கேட்கும், பூங்காவுக்குப் பேச ஆள் இருக்காது.

2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியதே, சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25%, 1,800க்கு மேல் 100% என்று, அந்தக் கூடுதல் வரவில் பராமரிப்புக்கு எவ்வளவு போனது என்று கேட்கிற உரிமை வரி கட்டிய எல்லோருக்கும் உண்டு. ஒன்று மட்டும், மார்ச்சில் போய் நிற்காதீர்கள். அப்போது புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் தேவைப் பட்டியல் எழுதும் நவம்பர், டிசம்பரிலேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

*

எங்கள் பேரூராட்சியில் 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்களே வசூல் செய்து கொடுத்துப் பூங்கா கட்டினோம். பெட்டிக்கடைக்காரர்கூடப் பணம் போட்டார். கட்டி முடித்ததும் காவலுக்கு ஆள் கேட்டபோது ஐயா சொன்ன அதே சம்பளப் பிரச்சினைதான் குறுக்கே வந்தது. இப்போது பூங்காவின் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. கூலி கிடையாது, அவரே காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறார். எஸ்டிமேட் போடும்போதே வருடச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கில் என்று எழுதிக் கேட்டிருந்தால் அந்த அக்காவின் தலையில் இது விழுந்திருக்காது.

*

ரொம்ப நன்றி ஐயா, முதலில் எழுதியது நான்தான். வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு மோட்டார் ரீவைண்டிங், குழாய், தகடு, தோட்டக்காரர் கூலி என்று தனித்தனி இனமாக எழுதி எடுத்துப் போகிறோம், தோட்டக்காரர் கூலியை நீங்கள் முதலில் சொன்ன வருவாய் நிதியிலும் மற்றதை அந்த 40%-இலும் கேட்டு. யாராவது இப்படிக் கொடுத்து வேலை நடந்திருந்தால் அந்த மனுவின் வாசகத்தை இங்கே பகிருங்கள்.